வயிற்று அறுவைக்குப் பின் குடலிறக்கம் வராமல் காக்க: உள்தையல் ஆறும் மாதங்களுக்கான வழிகாட்டி

தையல் பிரித்த நாளோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போன பலரை, ஓராண்டோ ஈராண்டோ கழித்து மறுபடியும் அறுவைப் பிரிவின் புறநோயாளி வரிசையில் பார்த்திருக்கிறேன். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த நடவு வேலை செய்யும் ஒரு பெண்மணியை இன்றும் மறக்கவில்லை. குடலில் ஓட்டை விழுந்து, இரவோடு இரவாக வயிற்றைத் திறந்து அறுவை செய்யப்பட்டவர் அவர். மேல்தோல் ஒரு கோடு இழுத்ததுபோல் அழகாக ஆறியிருந்தது. "நின்னா வருது நர்ஸம்மா, படுத்தா உள்ள போயிடுது" என்றார். கட்டிலருகே நிற்கவைத்து, தொப்புளுக்கு நான்கு விரல் மேலே என் உள்ளங்கையை வைத்து, இருமச் சொன்னேன். தோலுக்கு அடியில் மெத்தென்ற ஒன்று என் கையை வந்து இடித்துவிட்டுத் திரும்பியது. படுக்கவைத்துத் தடவியபோது, தழும்பின் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளியும், அதன் விளிம்பு கயிறுபோல் இறுகியிருப்பதும் தெரிந்தன. தோல் ஆறிவிட்டது, அதற்குக் கீழே வயிற்றைத் தாங்கும் உறை பிரிந்துவிட்டது.

இதைத்தான் மருத்துவர்கள் இன்சிஷனல் ஹெர்னியா என்கிறார்கள். அறுவைத் தழும்பின் வழியே வரும் குடலிறக்கம். வயிற்றின் நடுக்கோட்டில் நீளமாகத் திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகு, ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இது வருகிறது. ஆபத்துக் காரணிகள் பல சேர்ந்தவர்களிடம் இந்த எண்ணிக்கை இன்னும் கூடுகிறது. தையல் போட்டவரின் கை சரியில்லை என்று குறை சொல்வது எளிது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே அறுவை மருத்துவர், ஒரே நூல், ஒரே முறை என்றிருந்தும் ஒருவருக்கு உறை பிடித்துக்கொள்கிறது, மற்றொருவருக்கு விட்டுப்போகிறது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, உடம்பின் உறுப்புகளைப் பிடித்துத் தாங்கும் இணைப்புத் திசுவில் இருக்கிறது. அந்தத் திசுவைப் பற்றி அறுவைக்கு முன்பே சொல்லவும் செய்யவும் நம் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான், 26 ஆண்டுகள் காவிரிக் கரை ஊர்களின் நோயாளிகளோடு இருந்த ஒரு செவிலியாக, இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு அறுவை செய்யும் மருத்துவர் சொல்வதே இறுதியானது. அவரிடம் சரியான கேள்விகளோடு போவதற்கு இது உதவட்டும்.

உறை எப்படி ஆறுகிறது

வயிற்றின் முன்சுவரில் தசைகளைப் போர்த்தியிருக்கும் வெண்மையான, தடித்த படலம்தான் சுமையைத் தாங்குகிறது. இரு பக்கத்து உறைகளும் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்முனை தொடங்கி இடுப்பெலும்பு வரை, ஒரே கோடாக இணைகின்றன. அங்கே ரத்தக்குழாய்கள் குறைவு என்பதால் அறுவை மருத்துவர் விரைவாகவும் ரத்தப்போக்கு குறைவாகவும் உள்ளே போகலாம். ஆறுவதற்கு அதுவே பாதகமான இடம்.

உறையின் வலிமை கொலாஜன் என்ற புரத இழைகளில் இருக்கிறது. முதல் வகைக் கொலாஜன் தடித்த, முறுக்கேறிய தாம்புக்கயிறு போன்றது. மூன்றாம் வகை மெல்லியது. புதுப்புண்ணில் முதலில் நெய்யப்படுவது அதுதான், பிறகு சிறிது சிறிதாக அதன் இடத்தை முதல் வகை எடுத்துக்கொள்ள வேண்டும். 1990களின் இறுதியில் ஜெர்மனியின் ஆகென் நகர அறுவை மருத்துவர்கள், குடலிறக்கம் வந்தவர்களின் திசுவை ஆராய்ந்து, அவர்களிடம் மூன்றாம் வகையோடு ஒப்பிட முதல் வகையின் பங்கு குறைந்திருப்பதை எழுதினார்கள். அதற்கும் முன்பே, 1970இல், அமெரிக்காவின் ரேமண்ட் ரீட் என்ற அறுவை மருத்துவர், தொடையிடுக்கில் குடலிறக்கம் வந்தவர்களின் வயிற்றுத் தசையுறை, ஓட்டை விழுந்த இடத்துக்கு அப்பாலும் மெலிந்திருப்பதைக் கவனித்திருந்தார். ஓட்டை ஓரிடத்தில் தெரிந்தாலும், இழையின் குறை உடம்பு முழுதும் இருக்கலாம் என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பெற்றது.

கொலாஜன் நெய்யப்படுவதோடு, தேவையற்றது கரைக்கவும்படுகிறது. மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்ற நொதிகள் பழைய இழைகளை அறுக்கின்றன. அவற்றை அடக்கிவைக்கும் வேறு புரதங்களும் உண்டு. நெய்பவர்களைவிட அறுப்பவர்கள் கை ஓங்கிவிட்டால், தையல் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் உறை நிற்காது. புகையும், சீழ் பிடித்த புண்ணும் இந்த அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன.

நம் ஊரில் வாய்க்கால் கரை உடைந்தால் மண் மூட்டை அடுக்கி அடைக்கிறோம். மூட்டை தாங்குவது கொஞ்ச நாள்; அதற்குள் கொட்டிய மண் இறுகி, புல் வேர் பிடித்துக் கரையாக வேண்டும். இறுகுவதற்குள் தண்ணீர் மட்டம் ஏறினால் அதே இடம்தான் மறுபடியும் உடையும். வயிற்றுத் தையலும் அப்படியே. முதல் இரண்டு வாரங்களில் உறையைப் பிடித்திருப்பது ஏறக்குறைய நூல் மட்டுமே. நடுக்கோட்டுக்கு இப்போது அதிகமாகப் பயன்படும் மெதுவாகக் கரையும் நூல்களில் ஒன்றான பாலிடயாக்ஸனோன், நான்கு வாரத்தில் தன் வலிமையில் பாதியையும் ஆறு வாரத்தில் முக்கால் பங்கையும் இழந்துவிடுகிறது. முழுதும் கரைய ஆறு மாதம் ஆகும். இதற்கு எதிர்த்திசையில் உறையின் சொந்த வலிமை ஏறிவருகிறது: ஆறு வாரத்தில் ஏறத்தாழ பாதி, பிறகு மிக மெதுவாக ஓராண்டு வரை. பழைய வலிமை முழுதாக ஒருபோதும் திரும்புவதில்லை. மேல்தோலின் தையலைப் பத்து நாளில் பிரித்துவிடுகிறோமே, அதைப் பார்த்து உள்ளே ஆறிவிட்டது என்று கணக்குப் போடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம்.

கொலாஜன் முறுக்கேற வைட்டமின் சியும் இரும்பும் வேண்டும். இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள உதவும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்குத் தாமிரச் சத்து வேண்டும். வைட்டமின் சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு, 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தலைவரின் உலகப் பயணக் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. மாதக்கணக்கில் காய்கனி காணாத மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் கண்டபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1690இல் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றுப் போரில் காயம்பட்டு ஆறியிருந்த ஒருவரின் பழைய புண்கள் மறுபடியும் வாய் பிளந்தனவாம். ஆறிய தழும்பும் ஓயாமல் அறுக்கப்பட்டு நெய்யப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறு எடுத்துக்காட்டு தெரியவில்லை.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

உங்கள் கொலாஜன் வலியதா மெலியதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை நடைமுறையில் இல்லை. அதனால் உடம்பும் குடும்பமும் தரும் தடயங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. இவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அவசரமான வார்டில் இவ்வளவையும் கேட்க அவருக்கு நேரம் கிடைக்காமல் போகலாம்.

உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உடன்பிறந்தவர்களுக்கோ தொடையிடுக்கிலும் தொப்புளிலும் குடலிறக்கம் வந்ததுண்டா, அதிலும் இரு பக்கமும் வந்ததா, சரிசெய்த பிறகு மறுபடி வந்ததா என்பது முதல் செய்தி. வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருப்பதாக ஸ்கேனில் யாராவது சொல்லியிருந்தால், அது மிக முக்கியம். ரத்தக்குழாயின் சுவரைப் பலவீனப்படுத்திய அதே இழைக்குறை வயிற்றுச் சுவரிலும் இருக்கக்கூடும் என்பதால், இவர்களுக்குத் தழும்பில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். கர்ப்பப்பை இறக்கம் இருந்ததா, சிறுவயதிலிருந்தே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைந்தனவா, தோள்மூட்டு அடிக்கடி நழுவியதா, தோல் ரப்பர்போல் இழுபடுமா, சிறு காயமும் காகிதம்போல் மெல்லிய, அகன்ற தழும்பாக ஆறியதா என்றும் நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொட்டுவிடும் பிள்ளைகளை வீட்டில் வேடிக்கையாகக் காட்டுவோம். அந்த நெகிழ்ச்சியோடு மேலே சொன்னவையும் சேர்ந்திருந்தால், அது எலர்ஸ் டான்லோஸ் போன்ற பிறவி இணைப்புத் திசுக் கோளாறாக இருக்கலாம். மிக உயரமான உடல்வாகு, நீண்ட விரல்கள், கண்ணின் வில்லை நழுவுதல் ஆகியவை சேர்ந்த மார்ஃபன் கோளாறும் அப்படியே. இவை அரியவை, நெகிழும் மூட்டு உள்ள எல்லாருக்கும் நோய் இருப்பதாக அஞ்ச வேண்டாம்.

மருந்துகளையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் நாள்பட எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கொலாஜன் உருவாவதைத் தடுக்கிறது. வலிக்கு யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்த பெயர் தெரியாத பொடி இருந்தால், அந்தப் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். அதே சமயம், ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. குறைப்பதா தொடர்வதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நாள் குறித்த அறுவை என்றால், அந்த இடைவெளியில்

அவசர அறுவையில் இந்த அவகாசம் கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். பித்தப்பை, கர்ப்பப்பை, குடல் என்று நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு நான்கு வாரமாவது கிடைத்தால், அதில் செய்யக்கூடியவற்றில் முதலாவது புகையிலையை விடுவது. டென்மார்க்கில் 2005இல் வெளிவந்த ஆய்வில், புகைப்பவர்களுக்குத் தழும்பில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. புகை, திசுவுக்குப் போகும் உயிர்வளியைக் குறைக்கிறது, அறுக்கும் நொதிகளைக் கூட்டுகிறது, போதாததற்கு இருமலையும் தருகிறது. நம் பக்கத்தில் பீடியை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொள்வதைப் பலர் விட்டதாகவே கருதுகிறார்கள். நிகோட்டின் எந்த வழியாகப் போனாலும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கத்தான் செய்யும். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையைப் பாக்கும் புகையிலையும் இல்லாமல் எப்போதாவது மெல்வதில் எனக்கு மறுப்பில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடக்கூடிய அறுவைக்கு அது 8க்குக் கீழே வரட்டும் என்று பல அறுவை மருத்துவர்கள் காத்திருப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்தும், அறுவைப் பதற்றத்தில் அதை விழுங்க மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உடல் பருமன் இருந்தால் ஒரு மாதத்தில் பெரிய மாற்றம் நடக்காது, ஆனாலும் தொடங்கலாம். ரத்தசோகை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், முக்கிச் சிறுநீர் கழிக்கவைக்கும் புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றை அறுவைக்கு முன்பே சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டும். அறுவைக்குப் பிறகு ஒவ்வொரு முக்கலும் புதுத் தையலின் மேல்தான் விழும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம் மக்களிடம் மிக ஆழமானது. பணிவாகக் கேட்ட கேள்விக்குக் கோபித்துக்கொண்ட அறுவை மருத்துவரை நான் அதிகம் கண்டதில்லை. "ஐயா, எனக்கு நுண்துளை (லேப்ராஸ்கோப்பி) முறையில் செய்ய முடியுமா? திறந்துதான் செய்ய வேண்டும் என்றால் வெட்டு நடுக்கோட்டில் வருமா, குறுக்காக வருமா?" என்று தொடங்கலாம். சிசேரியனுக்கு அடிவயிற்றில் குறுக்காகப் போடும் வெட்டில் குடலிறக்கம் மிகக் குறைவு. நுண்துளை முறையிலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகன்ற துளைகளில், குறிப்பாகத் தொப்புள் துளையில், உறையைத் தனியாகத் தைக்க வேண்டும்.

அடுத்து, உறையை மூடும் முறை. 1976இல் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டன் அறுவை மருத்துவர், வயிறு உப்பும்போது வெட்டின் நீளம் முப்பது சதவீதம் வரை கூடக்கூடும் என்று கணக்கிட்டு, காயத்தின் நீளத்தைப்போல் நான்கு மடங்காவது நூல் உள்ளே போக வேண்டும் என்றார். 20 சென்டிமீட்டர் வெட்டுக்கு 80 சென்டிமீட்டர் நூல் என்று கொள்ளுங்கள். நெதர்லாந்தில் 560 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஸ்டிச் என்ற ஆய்வில், விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர், தையலுக்குத் தையல் 5 மில்லிமீட்டர் என்று நெருக்கமாகத் தைத்தவர்களில் ஓராண்டுக்குள் 13 சதவீதத்தினருக்கும், பழைய முறைப்படி ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தைத்தவர்களில் 21 சதவீதத்தினருக்கும் குடலிறக்கம் வந்தது. "சின்னத் தையலாகத்தான் போடுவீர்களா?" என்ற ஒரு கேள்வியே போதும், நீங்கள் விஷயம் தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்று அவர் புரிந்துகொள்வார்.

பெருந்தமனி வீக்கத்துக்காக அறுவை செய்துகொள்பவர்களும் உடல் பருமன் உள்ளவர்களும் இன்னொன்றையும் கேட்கலாம்: ஓட்டை விழும் முன்பே, உறையைத் தாங்கும் செயற்கை வலை (மெஷ்) வைத்து மூடுவது எனக்குப் பொருந்துமா? 2017இல் வெளிவந்த பிரிமா ஆய்வில், இத்தகைய 480 பேரை இரண்டு ஆண்டு கவனித்தபோது, தையல் மட்டும் போட்டவர்களில் 30 சதவீதத்தினருக்குக் குடலிறக்கம் வந்தது. உறையின் மேல் வலை வைத்தவர்களில் அது 13 சதவீதம்தான். வலைக்கு அதற்கேயுரிய தொல்லைகளும் உண்டு. மேலே வைத்தவர்களுக்குத் தோலுக்கடியில் நீர் கோப்பது கூடுதலாக இருந்தது. வயிற்றுக்குள் சீழ் பரவிய அவசர அறுவையில் இந்தக் கணக்கே வேறு. ஆகவே இதை வற்புறுத்த வேண்டாம். கேட்டுப் பாருங்கள், அவ்வளவே.

வீடு திரும்பிய பிறகு: சாப்பாடு

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்தபோது நான் செவிலியர் பயிற்சியின் முதல் ஆண்டில் இருந்தேன். வீட்டில் பெரியவர்கள் நாற்பது நாள் பத்தியம் வைத்தார்கள். முட்டை சூடு, மீன் சீழ் வைக்கும், பருப்பு வாயு, நெல்லிக்காய் புளிப்பு என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, மிளகு ரசமும் குழைந்த சோறும் மட்டுமே மிஞ்சின. தண்ணீரையும் குறைத்தார்கள், அதனால் மலச்சிக்கல், அதனால் முக்கல். அடுத்த ஆண்டு தை மாதத்தில் அம்மாவின் தழும்பில் புடைப்பு வந்தது. பத்தியத்தால் மட்டுமே வந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் இழை நெய்ய வேண்டிய வாரங்களில் நூலே கொடுக்காமல் தறியை ஓட்டச் சொன்னோம் என்ற வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

கொலாஜன் புரதம், புரதம் சாப்பிடாமல் அது வராது. குடல் இயங்கத் தொடங்கி, மருத்துவர் சாப்பிட அனுமதித்த பிறகு, ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும். சம்பா அறுத்த தரிசில் நம் வயல்களிலேயே விளையும் உளுந்தும் பச்சைப்பயறும் இருக்க, டப்பாவில் விற்கும் புரதமாவுக்கு ஏழைக் குடும்பங்கள் கடன் வாங்குவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. உளுந்தங்கஞ்சி, பயறுக் கூட்டு, முட்டை, மீன், மோர் ஆகியவை போதும். வைட்டமின் சிக்கு ஒரு பெரிய நெல்லிக்காயோ ஒரு கொய்யாவோ தினமும் சாப்பிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் தின்றால் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமியால். புண்ணின் மேல் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதையும் வைக்காதீர்கள். தழும்பைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, நீரோ சீழோ கசிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். தொற்று வந்த காயத்தில் குடலிறக்க வாய்ப்பு பெரிதும் கூடுகிறது என்பது பல காலமாக உறுதியான செய்தி.

இருமல், எழுந்திருத்தல், சுமை

2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாக இருந்த 20 இளையவர்களின் வயிற்றுக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கும்போது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் பாதரசம், இருமும்போது 107, குதிக்கும்போது 171. குனிவதும் நாலரைக் கிலோ எடையைத் தூக்குவதும் அப்படிப் பெரிதாக ஏற்றவில்லை. அறுவைக்குப் பிறகு ஒரு செம்புத் தண்ணீர் தூக்கக்கூட அஞ்சுபவர்கள், நாள் முழுதும் இருமிக்கொண்டே இருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. சளி சேராமல் இருக்க இருமத்தான் வேண்டும். ஆனால் ஒரு தலையணையைத் தழும்பின் மேல் வைத்து இரு கைகளாலும் இறுக அணைத்துக்கொண்டு இருமுங்கள். தும்மல் வந்தாலும் அப்படியே. மருத்துவமனையில் சொல்லித்தரும் மூச்சுப்பயிற்சியை வீட்டிலும் தொடருங்கள்.

பாயில் படுத்துப் பழகியவர்கள் ஆறு வாரத்துக்காவது கெட்டியான கட்டிலுக்கு மாறுவது நல்லது; நடுவில் தொய்யும் கயிற்றுக் கட்டில் வேண்டாம். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயலும்போது தழும்பின் இரு விளிம்புகளும் இழுபடுகின்றன. முழங்காலை மடக்கி, உடம்பை மரக்கட்டைபோல் ஒருசேர உருட்டி, ஒருபக்கமாகத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். முதல் நாள் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எல்லாரும் திணறுவார்கள். மூன்றாம் நாள் சொல்லாமலே செய்வார்கள். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து நடக்கவும் வேண்டும். நடை குடலையும் நுரையீரலையும் சரியாக வைக்கிறது, தையலைப் பிரித்துவிடாது.

எவ்வளவு தூக்கலாம், எப்போது தூக்கலாம் என்பதற்கு உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட உறுதியான அளவு இல்லை. நடுக்கோட்டு அறுவைக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் நான்கிலிருந்து ஆறு வாரம் பளு தூக்க வேண்டாம் என்பார்கள். இணைப்புத் திசு பலவீனம் என்று சந்தேகிக்கப்படுபவர்களுக்கு, மூன்று மாதம் வரை கடும் பளுவைத் தள்ளிப்போடச் சொல்வேன். இது வார்டில் பார்த்ததிலிருந்து வந்த என் சொந்தக் கருத்து. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ. கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் நெல் மூட்டை 40 கிலோ. முதல் மாதம் செம்பும் சிறு பாத்திரமும், அடுத்து அரைக்குடம், பிறகு முழுக்குடம் என்று படிப்படியாக ஏறுங்கள். மூட்டை கடைசி. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிறது என்றால், குறுவை நடவுக்குப் போகிறவர்கள் அதற்கு முந்தைய மாதத்தில் தள்ளிப்போடக்கூடிய அறுவைக்கு நாள் குறிக்க வேண்டாம். அறுவடை முடிந்து கையில் வேலை இல்லாத மாசி, பங்குனியில் குறித்தால், ஓய்வு எடுக்கிறாள் என்று யாரும் முகம் சுளிக்கவும் இடமிருக்காது.

வயிற்றில் கட்டும் பெல்ட் பற்றிக் கேட்காத நோயாளி இல்லை. வலியைக் குறைக்கவும் தெம்பாக நடக்கவும் அது உதவும். குடலிறக்கத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. பெல்ட் போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் மூட்டை தூக்கினால் கேடுதான்.

தழும்பை எப்படிச் சோதிப்பது, வந்துவிட்டால் என்ன செய்வது

தழும்புவழிக் குடலிறக்கங்களில் பாதியளவு முதலாண்டிலேயே தலைகாட்டுகின்றன. பெரும்பாலானவை மூன்று ஆண்டுக்குள் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வருவனவும் உண்டு. மாதம் ஒருமுறை, குளிக்கும் முன் நின்றுகொண்டு, உள்ளங்கையைத் தழும்பின் மேலிருந்து கீழாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை இருமிப் பாருங்கள். பிறகு படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புடைத்துக் கையில் இடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பருமனானவர்களுக்குக் கையில் தெரியாதது அல்ட்ராசவுண்டிலோ சிடி ஸ்கேனிலோ தெரியும்.

புடைப்பு உள்ளே தள்ளினால் போகிறது, வலி இல்லை என்றால் பதற வேண்டாம், நேரம் இருக்கிறது. உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தால், தோல் சிவந்தோ கறுத்தோ போனால், வாந்தி வந்து காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால், குடல் அங்கே நெரிபட்டிருக்கலாம். தைலம் தேய்க்காதீர்கள், அழுத்தித் தள்ளாதீர்கள், எதுவும் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள். 108ஐ அழைத்து, அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு உடனே போய்ச் சேருங்கள்.

சரிசெய்யும் அறுவையில் வலை எதற்கு, வெறும் தையல் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், தழும்புவழிக் குடலிறக்கத்தைத் தையல் மட்டும் போட்டுச் சரிசெய்தவர்களில் 63 சதவீதத்தினருக்குப் பத்தாண்டில் மறுபடியும் வந்தது; வலை வைத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு. தானாக நெய்துகொள்ள முடியாத திசுவையே மறுபடியும் இழுத்துத் தைப்பதால் வரும் விளைவு இது. வலையும் பாதியளவே குறைக்கிறது என்பதைக் கவனியுங்கள். புகையிலையும் சர்க்கரையும் இருமலும் அப்படியே இருந்தால் வலையின் ஓரத்திலும் விட்டுப்போகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேருவதற்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டு, வலையின் செலவும் அதில் அடங்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பில், எந்த நூலால் எப்படி மூடினார்கள், வலை வைத்தார்களா, வைத்திருந்தால் எந்த அடுக்கில் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். பாபநாசத்துப் பெண்மணியிடம் முதல் அறுவையின் காகிதம் ஒன்றுமே இல்லை. ஆடிப்பெருக்குக்கு வீடு கழுவியபோது நனைந்து கிழிந்துவிட்டது என்றார். உள்ளே என்ன நூல், எத்தனை அடுக்கு என்று தெரியாமலேதான் இரண்டாம் அறுவை தொடங்கியது. அந்தக் காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, குடும்ப அட்டை இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.